கார்க் கொட்டகை

ஆலத்தங்குடி மிராசு குஞ்சிதபாதத்தின் ஆஸ்டின் கார் பதினோரு வருஷமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை. அதற்குக் காவல் போட்ட காயாரோகணமும் நகரவில்லை. கார் நகராததற்கு எஞ்சின் காரணம். காயாரோகணம் நகராததற்குப் போக வேறு இடம் இல்லாதது காரணம்.

மிராசுவின் தகப்பனார் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய கார் அது. தை மாதம் திருவையாற்றுக் கச்சேரிக்கும் பங்குனியில் திருவாரூர்த் தேருக்கும் போய் வரும். டிரைவர் கோபித்துக்கொண்டு போன அதே வருஷம் காரும் மூச்சை நிறுத்திக்கொண்டது. கொட்டகை ஓரத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி, காரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காயாரோகணத்தையும், கல்யாணமாகி நாலு மாதமே ஆன வேம்புவையும் குடிவைத்தார் மிராசு. முதல் மழைக்குச் சாய்ப்பு ஒழுகியது. பானை கொட்டகைக்குள் போயிற்று. அடுத்த மழைக்குப் பாய் போயிற்று. மகள் ராஜம்மாள் பிறந்த ஐப்பசியில் மூன்று பேரும் காருக்குள்ளேயே போய்விட்டார்கள்.

ஆட்சி மாறிற்று. மேடைக்கு மேடை தமிழ் முழங்கிற்று. கூலி நெல் அரை மரக்கால் கூடக் கேட்டு இரண்டு அறுப்புக்கு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் வேனோடு வெளியூர் ஆள் வந்து அறுத்துவிட்டுப் போனது. 'ஆண்டே' என்று கூப்பிட்ட வாய்கள் 'ஐயா' என்று கூப்பிடப் பழகின. அப்புறம் அந்தச் சட்டம் வந்தது. பண்ணைவேலை செய்கிறவன் குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாரியப்பன் மனு எழுதினார். காயாரோகணம் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறாவது வயதில் கற்றுக்கொண்ட எழுத்தில் கையெழுத்துப் போட்டான். ஆறெழுத்துப் பேர். அஞ்சாவது எழுத்தில் காகிதம் தீர்ந்துபோய், கடைசி எழுத்தைக் கீழே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

"ஒரு குழி நிலமில்லாதவனுக்குப் பேர மட்டும் ஒரு வேலி நீளத்துக்கு வச்சிருக்காங்க" என்றார் மாரியப்பன்.

மிராசு திருவாரூர் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். "குடிசையா இருந்தாதான் சட்டம் பாயும். அது கார்க் கொட்டகை, இவன் காவக்காரன். கார் ஓடுதுன்னு தாசில்தார் கண்ணால பாத்துட்டா மனு தள்ளுபடி" என்று வக்கீல் சொன்னாராம். தாசில்தார் நேரில் பார்க்க வரும் தேதி புரட்டாசி இருபது. நடுவில் பதினாலு நாள்தான் இருந்தது.

மறுநாளே முத்துப்பேட்டையிலிருந்து அப்துல் ஹமீது வந்து சேர்ந்தார். மீன்பிடி லாஞ்சு எஞ்சின், ரைஸ்மில் எஞ்சின், பம்புசெட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். சைக்கிளைச் சாத்திவிட்டு காரின் முன்மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு அவர் தொப்பியை இடித்துப் பறந்தது.

"அடைகாக்குது பாய்" என்றாள் வேம்பு. "இன்னும் ஆறு நாள்தான். பொரிச்சதும் எடுத்துடறேன்."

"மொதலாளி, எஞ்சின் ஒண்ணும் பெரிசா கெட்டுப்போவல" என்றார் ஹமீது, எட்ட நின்ற மிராசுவிடம். "ஆனா பாதி சாமானக் காணும். லைட்டு இல்ல, ஹாரன் இல்ல, ரேடியேட்டர் மூடி இல்ல, பின் சீட்டு இல்ல. டைனமோ, கார்பரேட்டர், ஒண்ணுங்கூட இல்ல. இதுக்கெல்லாம் புதுசு சீமையிலதான் கெடைக்கும்."

மிராசுவின் காரியக்காரர் சாமிதுரை குடையைத் தரையில் ஊன்றினார். "சீமை எதுக்கு? காவல் காத்தவன் இங்கதானே நிக்கிறான். டேய் காயாரோகணம், அத்தினி சாமானும் எட்டு நாள்ல வந்து சேரணும். ஒண்ணு கொறஞ்சாலும் ஸ்டேசன்ல திருட்டுப் பிராது. திருட்டுக் கேசுல உள்ள போறவனுக்கு எந்தத் தாசில்தாரு மனை குடுப்பான்?"

"நான் எடுக்கலைங்க."

"அப்ப யாரு எடுத்தான்னு கண்டுபிடி. இன்னொண்ணு. கொண்டாந்தத கீழ வச்சிட்டுப் போயிடணும். இனிமே உங்க தெருவுல ஒரு பய, ஒரு பொம்பள காருமேல கை வைக்கப்படாது. ஐயா உத்தரவு."

மிராசு ஆமென்று தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் வேம்பு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "சாமானத் தேடிக் குடுத்தா கார் ஓடும். கார் ஓடுனா நாம ஓடணும். தேடிக் குடுக்கலன்னா நீ ஜெயிலுக்குப் போவணும். வக்கீலுக்குப் படிச்சவன் என்னமா முடிச்சுப் போட்டிருக்கான் பாரு."

"திருட்டுப் பேரு வேண்டாம் புள்ள. தேடிடுவோம்."

"தேடு. நான் சட்டிபானையக் கட்டி வைக்கிறேன்."

தேட அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆலத்தங்குடிக்குள்ளேயே கார் பிரிந்து கிடந்தது. வேலைநிறுத்தத்தின்போது, வாய்க்கால் வெட்டப் போன நாட்களில், வேம்பு நடவுக்குப் போன பகல்களில் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தது. கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. தரமாட்டேன் என்றுதான் சொன்னார்கள்.

டீக்கடை ரெத்தினம் ரப்பர் உருண்டை வைத்த ஹாரனைக் கடை மூங்கிலில் கட்டியிருந்தார். போண்டா எண்ணெயிலிருந்து இறங்கியதும் இரண்டு தடவை அமுக்குவார். நாலு வயல் தாண்டிக் கேட்கும். நாற்றுப் பறிக்கிற ஆள் நிமிர்ந்து பார்ப்பான்.

"இதக் குடுத்துட்டா போண்டா வெந்தது யாருக்குத் தெரியும்?"

"வாயால கத்துங்கண்ணே."

"வாயால கத்துனா ஓசியில கேக்குறவன்தான் வர்றான். ஹாரனுக்குத்தான் மரியாத." அவர் இரண்டு தடவை கடைசியாக அமுக்கிவிட்டு அவிழ்த்துக் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு வயலிலிருந்து ஏழு பேர் வந்துவிட்டார்கள். போண்டா இல்லையென்றதும் காயாரோகணத்தைத்தான் திட்டினார்கள்.

பின்சீட்டு தெருவுக்கே மருத்துவம் பார்க்கிற தங்கம்மாள் வீட்டில் இருந்தது. பிள்ளை பெற்றவள் ஈரத்தரையில் படுக்கக் கூடாதென்று அவள் எடுத்துப்போட்ட சீட்டு. பதினாலு பிள்ளைகள் அதில் பிறந்திருந்தன. பதினைந்தாவது அப்போதுதான் பிறந்து, தாயும் பிள்ளையும் அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தீட்டுக் கழியட்டும், தாரேன்" என்றாள் தங்கம்மாள்.

"எட்டு நாள்தான் கெடு ஆயி."

"மிராசுகிட்டச் சொல்லு. அவுரு அம்மா அவுர இறக்கி வச்ச பிறவு எத்தினி நாள் படுத்திருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஆத்தாதான் போயிப் பாத்துச்சு."

அதைக் காயாரோகணம் மிராசுவிடம் சொல்லவில்லை. ஏழாம் நாள் சீட்டு வந்து சேர்ந்தது, பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிய காய மருந்தும் நல்லெண்ணெயும் மணக்க.

சிக்கல் ரேடியேட்டர் மூடியில்தான் வந்தது. பளபளவென்று இறக்கை விரித்த மாதிரி இருக்கும் அந்த மூடி சங்கத்துக் கொடிமரத்தின் உச்சியில் இருந்தது. செங்கொடி பறக்க, அதற்கு மேலே வெயிலில் மின்னும். பக்கத்து ஊர்ச் சங்கங்களில் கொடிமர உச்சியில் கொட்டாங்கச்சிதான்.

"மிராசு காருக்காகக் கொடிய இறக்குறதா? அதவிட என்னைய இறக்கு" என்றார் மாரியப்பன்.

"கொடி வேண்டாம்ணே. மூடி மட்டும்."

"கொடிய இறக்காம மூடிய எப்படி இறக்குவே?"

கமிட்டி கூடிற்று. மூன்று மா நடவு நட்டு முடிக்கிற நேரம் பேசினார்கள். ஒருவர் இது பின்வாங்கல் என்றார். இன்னொருவர் இது தந்திரம் என்றார். தோழர் காயாரோகணத்தின் மனை உரிமையை முன்னிட்டு மூடியைத் தாற்காலிகமாக விடுவிப்பதென்று கடைசியில் தீர்மானம் எழுதி, கொடியை இறக்காமல் ஒரு பனையேறியை மரத்தில் ஏற்றினார்கள். மரம் வில்லாக வளைந்தது. மூடியும் வந்தது, பனையேறியும் வந்தார், இரண்டும் ஒரே சமயத்தில். கீழே வைக்கோல் போட்டு வைத்திருந்ததால் பாதகமில்லை.

லைட்டும் வந்து சேர்ந்தது. இவ்வளவு வந்தும் டைனமோவும் கார்பரேட்டரும் வரவில்லை. காயாரோகணம் தெருத்தெருவாக, குடிசை குடிசையாகக் கேட்டுவிட்டான். அப்படியென்றால் என்னவென்றே ஒருத்தருக்கும் தெரியவில்லை. கெடுவுக்கு ஒருநாள்தான் பாக்கி. அவன் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தபோது ஹமீது பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"காயாரோகணண்ணே, இங்க வந்து பாருங்க. ஹாரன் இருந்த எடத்துல அருவா வெட்டு. லைட்டு இருந்த எடத்துல கல்லால தட்டுன தடம். எல்லாம் சரி. டைனமோ இருந்த எடத்துல பாருங்க. போல்ட்டுத் தலையில ஒரு கீறல் இருக்கா?"

"இல்லை பாய்."

"ஸ்பேனர் போட்டு, சைஸ் பாத்து, நோகாமக் கழட்டியிருக்கு. உங்க தெருவுல ஸ்பேனர் யார்கிட்ட இருக்கு?"

"எங்க தெருவுல அருவாளும் மம்பட்டியும்தான்."

"ஊர்ல?"

காயாரோகணம் யோசித்தான். வடக்குவெளிப் பம்புசெட்டுக் கொட்டகைச் சாவி காரியக்காரர் இடுப்பில். அங்கே சுவரில் வரிசையாக ஸ்பேனர் மாட்டியிருப்பதை அவன் உரமூட்டை இறக்கப் போனபோது பார்த்திருக்கிறான். ஹமீது சிரிக்கவில்லை, புகையை மட்டும் விட்டார்.

பண்ணை வீட்டு வாசலில், மிராசு ஊஞ்சலில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவன் போய் நின்றான்.

"ஐயா, எல்லாம் சேந்துருச்சு. ரெண்டு சாமான்தான் பாக்கி. அது ஸ்பேனர் போட்டுக் கழட்டுனதுன்னு பாய் சொல்றாரு. நான் ஸ்பேனருக்கு எங்க போவேன்? ஸ்டேசன்லயே சொல்லிடுங்க. அவுங்க ஊருல யார்கிட்ட ஸ்பேனர் இருக்குன்னு வந்து பாக்கட்டும்."

சாமிதுரையின் குடை கைதவறி விழுந்தது.

"ஸ்டேசன் எதுக்கு இப்ப?" என்றார் குனிந்து எடுத்துக்கொண்டே. "எங்கேயாவது கெடக்கும். எதுக்கும் நானே ஒருதரம் தேடிப் பாக்குறேன்."

சாயங்காலமே இரண்டும் சாக்கில் சுற்றி வந்தன. பழைய இரும்புக் குவியலில் கண்டெடுத்ததாகச் சொன்னார் காரியக்காரர். கார்பரேட்டர் அன்றைக்குக் காலையில்தான் எண்ணெய் துடைத்த மாதிரி இருந்தது. வடக்குவெளிப் பம்புசெட்டு அன்றிலிருந்து ஓடவில்லை.

ஹமீது வேலையை ஆரம்பித்தார். நாலு டயரை நாலு ஊரில் வாங்கி வந்து மாட்டினார்; கார் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. வெடித்த ரப்பர்க் குழாய்க்கு லாஞ்சுக் குழாயை வெட்டிப் போட்டார், மீன்வாடை அடித்தது. ரேடியேட்டர் ஒழுகிற்று.

"தங்கச்சி, ஒரு கை மஞ்சத்தூள் இருக்கா?"

"எதுக்கு பாய்?"

"உள்ள போட்டா ஓட்டைய அடைச்சுக்கும்."

வேம்பு தூளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நல்லாக் குளிப்பாட்டுங்க. எங்க வீட்டுக்கு வாச்ச மகராசி."

காயாரோகணத்துக்கு இதற்குள் வேறொரு வியாதி பிடித்திருந்தது. பிளக்கைக் கழற்றி மணல்காகிதத்தில் தேய்ப்பது, பாயிண்டைத் துடைப்பது, பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்ப்பது என்று எட்ட நின்றே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த இரும்புக்குள் என்ன இருக்கிறதென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. வரப்பு வெட்டும்போதுகூட அதே நினைப்பு. "பாய், பெட்ரோலு இங்கேருந்து இப்படிப் போயி இங்க வெடிக்குது, இல்ல?" என்று கேட்டான். வேம்பு முறைத்தாள்.

பதினெட்டாம் தேதி எல்லாம் தயார். "ஹேண்டில் எங்க?" என்றார் ஹமீது. "முன்னாடி விட்டுச் சுத்துற கம்பி, ரெண்டு மடக்கு மடங்கியிருக்கும். அது இல்லாம இது உசிர் பிடிக்காது."

காயாரோகணம் வேம்புவைப் பார்த்தான். வேம்பு தன் ஆட்டைப் பார்த்தாள். ஆடு கட்டியிருந்த முளைமேல் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது.

"வேம்பு."

"ஆட்டு முளை அது. எங்க ஆட்டு முளை. நாலு வருசமா அங்கதான் நட்டிருக்கு."

"அது மட்டும் நாம எடுத்தது புள்ள."

"தெரியும். அதனாலதான் தரமாட்டேன். ஊரான் எடுத்ததெல்லாம் குடுத்தாச்சு. நம்ம பங்குக்கு ஒரு கம்பி இருக்கக் கூடாதா?" அவள் கூடையை இன்னும் அழுத்தி வைத்தாள். "அத எடுத்துக் குடுத்துட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு எந்த மதகடியில போயிப் படுக்கப் போற?"

ஆடு கத்திற்று. பிறகு அவனே போய்க் கூடையை எடுத்து, கம்பியை அசைத்து அசைத்துப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து ஹமீதிடம் நீட்டினான். வேம்பு ஆட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஹமீது வாங்கவில்லை. "எனக்குத் தோள் வலி. நீங்கதான் சுத்தணும்."

"கை வைக்கப்படாதுன்னு உத்தரவு பாய்."

"துண்ட சுத்திக்குங்க. துண்டுதானே வைக்குது."

துண்டைச் சுற்றிக்கொண்டு சுற்றினான். பத்து, இருபது. ஏற்றம் இறைத்த தோள். கார் இருமிற்று. இன்னொரு சுற்று. கொட்டகை கிடுகிடுத்து, பின்னால் கறுப்பாகப் புகை கக்கி, கூரைக் கீற்றிலிருந்த எலி நாலு கீழே விழ, எஞ்சின் பிடித்துக்கொண்டது. காயாரோகணம் தன்னை மறந்து சிரித்துவிட்டான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தவன் வேம்புவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினான்.

இருபதாம் தேதி காலையில் ஹமீது மிராசுவிடம் சொன்னார். "மொதலாளி, கார் இங்கேயே நிக்கட்டும். தாசில்தாரு வந்ததும் ஒரு தடவ ஓட்டிக் காட்டுறேன். வெளிய எடுக்க வேண்டாம். பிரேக்கு பாதிதான் பிடிக்குது. ரிவர்ஸ் கியர் விழவே இல்ல."

மிராசு ஜரிகை வேட்டி கட்டியிருந்தார். காரைச் சுற்றி வந்தார். மூடி மின்னிற்று. ஹாரனை ஒருதரம் அமுக்கினார். தூரத்தில் யாரோ வயலிலிருந்து கரையேறினார்கள்.

"எங்கப்பா கலெக்டரையே இதுல அழைச்சாந்திருக்காரு. ஒரு தாசில்தார் ரயிலடியிலேருந்து ஒத்தமாட்டு வண்டியில வர்றதா? எடுங்க பாய். சாமிதுரை, பின்னாடி ஏறு. டேய் காயாரோகணம், குடத்துல தண்ணி எடுத்துக்கிட்டு ஃபுட்போர்டுல நில்லு. சூடானா ஊத்தணும்."

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் கார் கொட்டகையை விட்டுக் கிளம்பிற்று. தன் மனையை இழக்கத் தானே தண்ணீர்க் குடத்தோடு தொற்றிக்கொண்டு போகிறவன் தன்னைத் தவிர வேறொருத்தன் இருக்கமாட்டான் என்று காயாரோகணம் நினைத்தான். ஆனாலும் காற்று முகத்தில் அடித்தது நன்றாகத்தான் இருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. தாசில்தார் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். காரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "ஓடுதே" என்றார். மிராசுவின் மார்பு விரிந்தது. திரும்பும்போது, வாய்க்கால் கரையில், மதகுக்கு நாலு முழம் முன்னால், எதிரே நாற்றுக்கட்டு ஏற்றிய வண்டி வந்தது. மாடுகள் பின்னால் போகாது. காரும் பின்னால் போகாது. ஹமீது பிரேக்கை மிதித்தார். கார் பாதிதான் கேட்டது. இடது பக்கம் ஒடித்தார். கரை மண் சரிய, கார் அவசரமில்லாமல், எருமை குளத்தில் இறங்குகிற மாதிரி, மிராசுவின் சொந்த வயலில் இறங்கி அச்சுவரை உட்கார்ந்தது. காயாரோகணம் குடத்தோடு முன்னாலேயே குதித்துவிட்டான்.

அந்த வயலில் இருபது பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கம்மாள்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"ஏய், எல்லாம் வந்து தள்ளுங்கடி" என்று கத்தினார் சாமிதுரை, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

ஒருத்தியும் அசையவில்லை. "கை வைக்கப்படாதுன்னு ஐயா உத்தரவு போட்டிருக்காங்களே" என்றாள் தங்கம்மாள்.

"அது அப்ப. இப்பத் தள்ளலாம்."

"நீங்க சொல்லிப் புண்ணியமில்லீங்க. உத்தரவு போட்டவங்க வாயால சொல்லணும்."

மிராசு தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் மிராசுவைப் பார்த்தார். வாயால் சொல்ல மிராசுவுக்கு வரவில்லை. "டேய், நீயாவது தள்ளேன்டா" என்றார் காயாரோகணத்திடம், மெதுவாக.

அவன் தோள் தானாகவே குனிந்தது. பழக்கம் அப்படி. பிறகு கையிலிருந்த குடத்தைப் பார்த்தான். "தண்ணி ஊத்தத்தானே ஐயா கூப்டீங்க. சொல்லுங்க, எங்க ஊத்தட்டும்?"

ஹமீது ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கிற்று.

தாசில்தார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பேறினார். "எனக்கு இன்னும் மூணு ஊர் பாக்கணும். இடம் எதுப்பா? வழி காட்டு."

காயாரோகணம் முன்னால் நடந்தான். கொட்டகை கண்ணில் பட்டதும் கால் நின்றது. வழி தப்பிவிட்டோமோ என்று நினைத்தான். கார் நின்ற இடம் முழுக்கச் சாணி மெழுகி, வாசலில் கோலம் போட்டிருந்தது. நட்டநடுவில் அடுப்பு. அதன்மேல் சோறு கொதித்தது. குறுக்கே கட்டிய கொடியில் ராஜம்மாளின் பாவாடை. மூலையில் ஆடு, கோழி, போன வாரம் பொரித்த ஒன்பது குஞ்சு. வேம்பு ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்து, சேற்றுக்காலோடு நின்ற தாசில்தாருக்குத் தவலையில் தண்ணீர் வைத்தாள்.

"காலக் கழுவிக்கிட்டு உள்ள வாங்கய்யா."

தாசில்தார் கழுவினார். உள்ளே வந்தார். பைலைப் பிரித்தார். "கார்க் கொட்டகைன்னு ஆட்சேபணை குடுத்திருக்காங்க. கார் எங்கம்மா?"

"இங்க ஏதுங்க கார்? நீங்களே பாருங்க."

தாசில்தார் சுற்றிலும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். குஞ்சுகளை எண்ணினார் போலிருந்தது. பேனாவைத் திறந்து, கொதிக்கிற சோற்றின் ஆவியில் கண்ணாடி மங்க, நின்றபடியே எழுதினார். மூச்சிரைக்க மிராசு வரப்பு மேல் வந்து சேர்ந்தபோது தாசில்தார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

உத்தரவு வர ஐப்பசி ஆயிற்று. காயாரோகணம் எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் பேர் ஆறெழுத்தும் ஒரே வரியில் இருந்தது. ஹமீது கம்பியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்; அது பழைய இடத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கார் இன்னும் வயலிலேயே இருந்தது. மழை பிடித்துவிட்டதால் அறுப்பு முடிந்துதான் எடுக்க முடியும் என்றார்கள். சாமான் மறுபடி கழன்றுவிடக் கூடாதே என்று மிராசுவுக்குக் கவலை. சாமிதுரை குடையோடு வந்து நின்றார்.

"காயாரோகணம், ஐயா சொல்லச் சொன்னாரு. காருக்குப் பக்கத்துல ஒரு சாய்ப்பு இறக்கித் தர்றாராம். காவலுக்குப் போறியா?"

காயாரோகணம் வாயைத் திறக்குமுன் வேம்பு அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எத்தினி வருசத்துக்குங்க?"

சாமிதுரை அவளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். வயல் இருந்த திசையைப் பார்த்தார். திரும்பிப் போனார். சாயங்காலம் அவரே ஒரு பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வரப்பில் போவதைத் தெருவே பார்த்தது. பின்னாலேயே தங்கம்மாள் போனாள்.

"காரியக்காரவுங்களே, நீங்க முன்சீட்டுல படுத்துக்குங்க. பின்சீட்டு எனக்கு வேணும். வடக்குத் தெருவுல ஒருத்திக்கு நாள் நெருங்கிடுச்சு."